சட்டியும் சொல்லும்

சொல்லாக்கம் பற்றி எழுதப் புகும் பண்டிதர்கள் இலக்கணத்திலிருந்து தொடங்குவது வழக்கம். நான் இன்று அடுக்களையிலிருந்து தொடங்குகின்றேன். அதற்குக் காரணம் உண்டு. அண்மையில் என் பேனாவிற் பிறந்த சொல்லொன்று என் வீட்டு அடுப்பிலேயே ஒரு கோழியைக் கெடுத்தது. முப்பது ஆண்டுகளாக மாணவர் பிழைகளைத் திருத்தி வந்தவன், தன் பிழையைத் தானே வெளியிடுவது முறையாகும் என்று கருதியே இதனை எழுதுகின்றேன்.

எமது கீழைத்தேய மொழிக் கல்லூரியில் மேல்வகுப்பு மாணவர்க்குச் செய்முறைக் கட்டுரை ஒன்று எழுதுமாறு பணித்திருந்தேன். நன்கு தெரிந்த ஒரு தொழிலைப் பிறர் படித்துச் செய்யத்தக்கவாறு எழுதவேண்டும் என்பதே கட்டளை. கிடுகு பின்னுவதைப் பற்றி ஒருவன் எழுதினான். புகையிலைக் கன்று நடுவதைப் பற்றி இன்னொருவன் எழுதினான். மாணவி ஒருத்தி மட்டும், 'கிரேக்க நாட்டு யுவெற்சி' என்று தலைப்பிட்டு, கோழியிறைச்சியையும் பாஸ்தாவையும் ஒரே சட்டியிற் சமைக்கும் முறையை எழுதியிருந்தாள். அவள் தமையன் கப்பலிற் பணிபுரிபவர். பிரேயஸ் துறைமுகத்திற் கப்பல் தங்கிய நாள்களில் அவ்வுணவை உண்டு பழகி, செய்யும் முறையையும் கேட்டறிந்து, விடுமுறையில் வந்தபோது தாய்க்குச் செய்து காட்டினாராம்.

கட்டுரை தெளிவாக இருந்தது. ஆயினும் என் கண்ணுக்குத் தெளிவு தெரியவில்லை. அயற்சொற்களே தெரிந்தன. சிவப்பு மையை எடுத்தேன். 'சிக்கன்' என்றிருந்ததை வெட்டிக் 'கோழியிறைச்சி' என்றேன். 'கார்லிக்' என்பதை 'உள்ளி' ஆக்கினேன். 'சீஸ்' என்பதைப் 'பாற்கட்டி' ஆக்கினேன். இவ்வளவில் நின்றிருந்தால் இக்கட்டுரைக்கு இடமே இல்லை. 'கிறிதராக்கி' என்றொரு சொல் வந்தது. அரிசி மணி போல வார்த்த ஒருவகைப் பாஸ்தா என்று அடைப்புக்குறியுள் அவளே விளக்கமும் தந்திருந்தாள். அவ்விளக்கத்தையும் வெட்டினேன். மாவாற் செய்த அரிசி ஆதலின் 'மாவரிசி' என்று ஒரு சொல்லை அங்கே பொறித்தேன். மூன்றாம் வேற்றுமை உருபும் பயனும் உடன்தொக்க தொகை. வகர உடம்படுமெய் முறையே வந்திருக்கின்றது. இலக்கணப்படி அதில் ஒரு குற்றமும் இல்லை. மகிழ்ச்சி மேலிட்டுத் திருத்திய கட்டுரையை எமது கையெழுத்துச் சஞ்சிகையிலும் சேர்ப்பித்தேன்.

சஞ்சிகை வீட்டுக்கு வந்தது. கணவன் திருத்திய கட்டுரை ஆயிற்றே என்று, ஒரு ஞாயிற்றுக்கிழமை என் மனைவியார் அதனைச் சமைத்துப் பார்க்க எண்ணினார். அவர் கைதேர்ந்த சமையற்காரர். கோழியும் மாவும் ஒரே சட்டியில் என்று படித்தவுடன் அவர் உள்ளத்தில் எழுந்தது நம்மூர்க் கூழே. மாவரிசி என்பது அரிசிமாவையே புலவர் வழக்கில் முன்பின்னாக மாற்றிச் சொன்னதாகும் என்று கொண்டு, முந்நூறு கிராம் அரிசிமாவைக் கொதிக்கும் குழம்பிற் கொட்டினார். சற்று நேரத்தில் அகப்பை சட்டியின் நடுவே தானாக நிமிர்ந்து நின்றது.

"இஞ்சருங்கோ, மாவரிசி எண்டால் அரிசிமா இல்லாமல் வேறென்ன? விளங்காத சொல்லை எழுதிப்போட்டுச் சமைக்கிறவளைக் குறை சொல்லக்கூடாது" என்றார்.

மறுமொழி கூற எனக்கு ஒரு சூத்திரமும் உதவவில்லை.

அடுத்த வாரம் அம்மாணவி தமையன் கொண்டுவந்த பொதியில் எஞ்சியிருந்த கிறிதராக்கியோடு எம் வீட்டுக்கு வந்தாள். அன்றுதான் நான் அப்பொருளைக் கண்ணாற் கண்டேன். பெயர் வைத்தபின் பொருளைக் கண்டவன் நான். கி.மு. 5ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த கிரேக்க வரலாற்றாசிரியர் எரொதோத்தசு, கறுவாக் குச்சிகளைப் பெரும் பறவைகள் கொண்டுபோய் மலைமுகட்டிற் கூடு கட்டுகின்றன என்றும், இறைச்சித் துண்டுகளைக் காட்டி அரேபியர் அவற்றைப் பெறுகின்றனர் என்றும் எழுதி வைத்தார். கறுவா மரத்தைக் காணாதவர் கட்டிய கதை அது. அதைப் படித்து வகுப்பிற் சிரித்தவன் நான். கிறிதராக்கியைக் காணாது நான் கட்டிய சொல்லும் அக்கதையின் இனத்தைச் சேர்ந்ததே என்பது அன்று விளங்கிற்று.

அவள் சமைத்த முறையைக் கூறுகின்றேன். ஏறத்தாழ ஒரு கிலோக் கோழியைப் பெருந்துண்டுகளாக வெட்டி, உப்பும் மிளகும் தடவி, ஒலிவ எண்ணெயிற் பொன்னிறமாகும்வரை வாட்டி எடுத்து வைத்தாள். அதே எண்ணெயில் வெங்காயத்தையும் உள்ளியையும் வதக்கினாள். நான்கைந்து தக்காளிப் பழங்களை அரைத்து ஊற்றி, கறுவாப்பட்டை ஒரு துண்டும் பிரியாணி இலை ஒன்றும் இட்டு, கோழியை மீண்டும் சேர்த்து, சிறிது நீர் விட்டு மூடினாள். மெல்லிய நெருப்பில் முக்கால் மணி நேரம் அது வெந்தது. பின்னர் முந்நூறு கிராம் கிறிதராக்கியையும் அதன் அளவுக்கு மும்மடங்கு வெந்நீரையும் சட்டியிற் சேர்த்து, அடிப்பிடியாமல் இடையிடையே கிளறினாள். பத்துப் பன்னிரண்டு நிமிடத்தில் மணிகள் பருத்து, குழம்பை உள்ளே வாங்கிக்கொண்டன. இறக்கிப் பத்து நிமிடம் மூடி வைத்தாள். கிரேக்கர் இதன்மேற் கெபலொதிரி என்னும் உப்புப் பாற்கட்டியைத் துருவித் தூவுவர். பலர் இறுதிப் பகுதியைப் போறணையில் முடிப்பர். எமக்குக் கடையிற் கிடைத்த பாற்கட்டியே போதியதாயிற்று.

பாஸ்தாவைத் தனியே அவித்து நீரை வடித்துக் கலந்தால் என்ன என்று கேட்டேன். "வடிச்ச தண்ணியோட அதின்ர பசையும் போயிடும் ஐயா. பசை சட்டிக்குள்ளயே நிண்டால்தான் குழம்பு தடிக்கும்" என்றாள். சரியான விளக்கம். கோதுமையின் புரதம் நீரோடு பிசையப்படும்போது வலைபோற் பின்னி மாச்சத்தைப் பிடித்து வைத்துக்கொள்கின்றது. ஆதலின் மணி கரைவதில்லை. வெளிவரும் சிறிதளவு மாச்சத்தே குழம்பைத் தடிக்கச் செய்கின்றது. அரிசிமாவுக்கு அவ்வலை இல்லை. கொட்டிய அளவு முழுவதும் பசையாயிற்று. என் சொல் கெடுத்தது இந்த வேறுபாட்டையே.

இனி அவ்வுணவின் பெயரைப் பார்ப்போம். யுவெற்சி என்பது கிரேக்கச் சொல் அன்று. மட்சட்டியைக் குறிக்கும் 'குவெச்' என்னும் துருக்கிச் சொல்லின் திரிபு அது. சட்டியின் பெயர் சட்டியுள் வேகும் உணவுக்கு ஆயிற்று. நாம் இடவாகுபெயர் என்போம். துருக்கியரின் நீண்ட ஆட்சியை எதிர்த்து 1821இற் போர் தொடுத்து விடுதலை பெற்றவர் கிரேக்கர். விடுதலைக்குப் பின் தம் மொழியிலிருந்து துருக்கிச் சொற்களைக் களைய அவர்தம் அறிஞர் முனைந்தனர். கொறாயிஸ் என்னும் பேரறிஞர் (1748–1833) வகுத்த வழியிற் 'கதறெவூசா', அஃதாவது தூய்மைப்படுத்திய மொழி, அரசிலும் கல்வியிலும் ஆட்சி பெற்றது. பேச்சு மொழிக்கும் அதற்கும் இடையே நெடும்பூசல் மூண்டது. 1901இல் விவிலிய நற்செய்தியைப் பேச்சு மொழியிற் பெயர்த்தமை குறித்து ஏதென்சு நகரத் தெருவில் உயிர்கள் மாண்டன. இறுதியில் 1976இற் பேச்சு மொழியே கல்விக்கும் ஆட்சிக்கும் உரியதென்று சட்டமாயிற்று.

இப்பூசல் அடுக்களைக்குள்ளும் புகுந்தது. சிப்னோஸ் தீவைச் சேர்ந்த செலெமென்தெஸ் என்பவர் 20ஆம் நூற்றாண்டின் முற்பகுதியிற் சமையல் நூல் எழுதிப் பெரும்புகழ் பெற்றார். இன்றும் கிரேக்கத்திற் சமையல் நூலுக்கே அவர் பெயர் வழங்குகின்றது. கிழக்கத்தியச் செல்வாக்காற் கிரேக்கச் சமையல் மாசடைந்தது என்பது அவர் கொள்கை. வாசனைத் திரவியங்களைக் குறைத்துப் பிரெஞ்சு முறைகளைப் புகுத்தினார். ஒன்றை அயல் என்று தள்ளி இன்னோர் அயலை அழைத்தார் என்பதை அவர் எண்ணிப் பார்த்தாரோ அறியேன். அவர் பிறந்த சிப்னோஸ் தீவோ மட்பாண்டத்துக்குப் பெயர்பெற்றது. கொண்டைக்கடலையை மண்சட்டியிலிட்டு இரவு முழுதும் வேகவைத்து உண்ணும் ஊர் அது. அவர் 1958இல் மறைந்தார். யுவெற்சி மறையவில்லை. கறுவா மணத்தோடும் துருக்கிப் பெயரோடும் அது இன்றும் கிரேக்கர் வீட்டு ஞாயிற்றுக்கிழமை உணவாக இருக்கின்றது.

இதனை நான் கூறக் கேட்ட என் நண்பர் ஒருவர், அவரும் பண்டிதர், சினங்கொண்டார். "இன்றைக்குப் பாஸ்தாவுக்குக் கதவு திறப்பீர், நாளை சிக்கனும் கார்லிக்கும் பின்னாலே வரும், மறுநாள் தமிழ் எங்கே என்று தேடுவீர்" என்றார். அவர் அச்சம் வெற்றச்சம் அன்று. கோழி நம் முற்றத்தில் நிற்க அதனைச் சிக்கன் என்பது வறுமை அன்று, சோம்பல். அவ்விடத்தில் என் சிவப்பு மை இன்னும் காயவில்லை. ஆனால் நண்பர் இரண்டு வேறு குற்றங்களை ஒன்றாக்குகின்றார். இருக்கும் சொல்லைத் துறப்பது ஒன்று. இல்லாத பொருளை அதன் பெயரோடு ஏற்பது மற்றொன்று. முன்னது இழப்பு, பின்னது வரவு.

அந்த ஒரு சட்டிக்குள்ளேயே சொல் பெருகும் வழிகள் மூன்றைக் கண்டேன். தக்காளி தென்னமெரிக்காவிலிருந்து வந்தது. நாமோ இங்கிருந்த செடியொன்றின் பெயரை அதற்கு நீட்டி வழங்கினோம். மிளகாயும் அவ்வாறே மிளகின் பெயரால் அமைந்தது. இது முதலாவது வழி. உருளைக்கிழங்கும் புதிதாக வந்ததே. உருண்ட கிழங்கு என்று கண்டார் கண்டவாறே சொல்ல, சொல் நிலைத்தது. இது இரண்டாவது வழி. கிரேக்கத் தூய்மையாளர் அக்கிழங்குக்கு 'நிலத்து ஆப்பிள்' என்னும் பொருளில் ஒரு சொல்லைச் செய்தனர். மக்களோ 'பத்தாத்தா' என்றே வழங்கினர். மூன்றாவது வழி, பொருளோடு பெயரையும் ஏற்றல். முசிறிக்குப் பொன்னொடு வந்த யவனர் மிளகைக் கொண்டு சென்றதை அகநானூறு கூறுகின்றது. அவர்கள் அதற்கெனப் புதுச்சொல் படைத்துக்கொண்டிருக்கவில்லை. 'பிப்பலி' என்னும் இந்தியச் சொல்லைத் தம் நாவுக்கு இசையப் 'பெப்பெரி' ஆக்கிக்கொண்டனர். அதனாற் கிரேக்க மொழி அழிந்துவிடவில்லை. அயற்சொல் வருங்கால் தமிழெழுத்துக்கு இசைந்து வருக என்றே தொல்காப்பியரும் விதித்தார்; வருதலே ஆகாது என்று அவர் வாயிலை அடைக்கவில்லை.

எனவே என்னையொத்த ஆசிரியர்க்கு நான் கூறவிரும்புவது இதுவே. இருக்கும் தமிழ்ச்சொல்லை விடாது காப்போம். புதுச்சொல் ஆக்குமுன் பொருளைக் கண்ணாற் காண்போம். ஆக்கிய சொல்லை, அப்பொருளைக் கையாள்பவர் முன் வைத்து, அவர் என்ன விளங்கிக்கொண்டார் என்று கேட்போம். தச்சனது சொல்லைத் தச்சனும், சமையற் சொல்லைச் சமைப்பவரும் தேர்ந்தபின் நாம் புணர்ச்சி விதி பார்ப்போம். அத்தேர்வில் தோற்ற சொல்லை, அது எத்துணை அழகுடையதாயினும், ஆக்கியவனே அழித்துவிடவேண்டும். செய்முறைக் கட்டுரையின் நோக்கம் பிறர் படித்துச் செய்வது என்று வினாவில் எழுதியவன் நானே. அந்நோக்கத்தை நிறைவேற்றியது மாணவியின் மூலம். கெடுத்தது என் திருத்தம்.

மறுநாள் கல்லூரிக்குச் சென்று அவளுடைய கொப்பியைக் கேட்டு வாங்கினேன். மாவரிசி என்பதை வெட்டினேன். அவள் எழுதிய 'கிறிதராக்கி'யையும், அரிசி மணி போல வார்த்த ஒருவகைப் பாஸ்தா என்ற விளக்கத்தையும் மேலே திரும்ப எழுதினேன். சிக்கனுக்கும் கார்லிக்குக்கும் இட்ட வெட்டுகள் அப்படியே இருக்கின்றன. முன்பு குறைத்த புள்ளிகளுள் அவ்விரண்டுக்குரியன போக எஞ்சியவற்றைக் கூட்டி, பக்கத்தில் என் கையொப்பத்தையும் இட்டேன். சஞ்சிகையின் அடுத்த இதழிற் பிழைதிருத்தம் ஒன்று வெளிவரும். அதனை எழுதியவர் பெயர் மாணவர் பெயராக இராது.