அட்டாக் வந்த உடம்பு அசையத்தான் வேண்டும்

"அட்டாக் வந்த ஒடம்பு. இனிமே அலட்டிக்கிடப்பிடாது அண்ணாச்சி, அக்கடான்னு கெடங்க." ஹைகிரவுண்ட் அரசு ஆஸ்பத்திரியிலிருந்தோ தனியார் ஆஸ்பத்திரியிலிருந்தோ வீடு திரும்பும் இதய நோயாளிக்குத் திருநெல்வேலிச் சீமையில் சாத்துக்குடிப் பையோடு சேர்ந்து வரும் புத்திமதி இது. பாபநாசத்திலும் இதுதான், ஸ்ரீவைகுண்டத்திலும் இதுதான். மாடிப்படி ஏற விடமாட்டார்கள். கடைக்கு நடக்க விடமாட்டார்கள். சைக்கிளைத் தொட்டால் வீடே பதறும். அன்பினால் சொல்வதால் யாரும் எதிர்த்துப் பேசுவதில்லை. அன்பைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை, ஆனால் சொல்லப்படும் சேதி தவறு. நல்ல மனிதர்கள் பலரை அது மெல்ல மெல்ல முடக்கிப் போடுகிறது.

முதல் வாதம்: புண்பட்ட உறுப்புக்கு ஓய்வு கொடுத்தால்தானே ஆறும்?

மருத்துவ உலகமே ஒரு காலத்தில் இப்படித்தான் நம்பியது. இருபதாம் நூற்றாண்டின் முற்பாதியில் மாரடைப்பு வந்தவரை வாரக்கணக்கில் படுக்கையில் வைத்தார்கள். புரண்டு படுக்கக்கூட ஆள் துணை. அதன் பலனாகக் காலில் ரத்தம் உறைந்தது, உறைந்த கட்டி நுரையீரலுக்குப் போய் அடைத்தது, இதயம் தப்பித்தவர்கள் படுக்கையால் செத்தார்கள். 1952இல் பாஸ்டன் நகரத்து மருத்துவர்கள் சாமுவேல் லெவைனும் பெர்னார்ட் லவுனும் நோயாளிகளைப் படுக்கையிலிருந்து எழுப்பி நாற்காலியில் உட்கார வைத்த அனுபவத்தை எழுதினார்கள். பயந்த விபரீதம் நடக்கவில்லை. 1955இல் அமெரிக்க அதிபர் ஐசனோவருக்கு மாரடைப்பு வந்தது. அவரைப் பார்த்த இதய மருத்துவர் பால் டட்லி ஒயிட், தானே விடாமல் சைக்கிள் ஓட்டியவர். அதிபரைப் படிப்படியாக நடமாட வைத்தார். அடுத்த ஆண்டு தேர்தலில் ஐசனோவர் மறுபடி நின்று ஜெயித்தார்.

ஓய்வு உடம்பை என்ன செய்யும் என்பதற்கு 1966இல் டாலஸ் நகரில் நடந்த சோதனை போதும். இருபது வயதில் இருந்த ஆரோக்கியமான ஐந்து இளைஞர்களை மூன்று வாரம் படுக்க வைத்தார்கள். உழைக்கும்போது உடம்பு எடுத்துக்கொள்ளும் ஆக்சிஜனின் உச்ச அளவு கால் பங்குக்கு மேல் இறங்கிவிட்டது. முப்பது வருடம் கழித்து அதே ஐந்து பேரையும் மறுபடி அளந்து பார்த்தார்கள். முப்பது வருட மூப்பு செய்த சேதத்தைவிட அந்த மூன்று வாரப் படுக்கை செய்த சேதம் அதிகமாக இருந்தது. இளந்தாரிகளுக்கே இந்தக் கதி என்றால், ஐம்பத்தைந்து வயதுக்காரரைப் பத்தமடைப் பாயில் மூன்று மாதம் படுக்க வைத்தால் என்ன ஆகும்? பிறகு வாசல்வரை நடந்தாலே அவருக்கு மூச்சு வாங்கும். "பாத்தியா, இதயம் பலவீனமாயிட்டு" என்பார்கள். பலவீனமானது பெரும்பாலும் கால் தசையும் மூச்சும்தான், அதுவும் நாம் படுக்க வைத்ததால்.

இரண்டாவது வாதம்: ஸ்டென்ட் வச்சாச்சு, அடைப்பு போயாச்சு, இனி என்ன?

ஸ்டென்டை நான் குறைத்துப் பேசவில்லை. ரத்தக்குழாய் திடீரென்று முழுதாக அடைத்து, வேர்த்து விறுவிறுத்து வருபவருக்கு அந்தக் கம்பிச் சுருள்தான் உயிர். அங்கே யோசிக்கவே கூடாது, 108ஐக் கூப்பிட வேண்டியதுதான். ஆனால் ஒரு ஸ்டென்ட் தாங்கிப் பிடிப்பது இரண்டு மூன்று சென்டிமீட்டர் நீளத்தை. கன்னடியன் கால்வாயில் ஒரு மடையில் மட்டும் தூர் எடுத்துவிட்டுக் கடைமடை வரை தண்ணீர் பாயும் என்று எந்த விவசாயியும் நம்பமாட்டான். கொழுப்பு படிவது இதயத்தின் எல்லாக் குழாய்களிலும்.

உடனடி ஆபத்து இல்லாத, நாள்பட்ட அடைப்பு நோயில் ஸ்டென்டும் சைக்கிளும் நேருக்கு நேர் மோதிய ஆய்வு ஒன்று உண்டு. ஜெர்மனியின் லைப்சிக் நகரில் ஹாம்பிரெக்ட் குழுவினர் நடத்தி 2004இல் வெளியிட்டார்கள். 101 ஆண்களில் ஒரு பிரிவுக்கு ஆஞ்சியோபிளாஸ்டி. மறு பிரிவுக்குத் தினமும் 20 நிமிடம் நின்ற இடத்தில் மிதிக்கும் சைக்கிள். ஒரு வருட முடிவில், இதயத் தொல்லை எதுவும் மறுபடி வராமல் இருந்தவர்கள் முதல் பிரிவில் 70 சதவீதம், சைக்கிள் மிதித்தவர்களில் 88 சதவீதம். சிறிய ஆய்வுதான், அதை மட்டும் வைத்துத் தீர்ப்பு எழுத முடியாது. ஆனால் 37 நாடுகளில் 5,179 பேரைச் சேர்த்து 2020இல் வெளியான பெரிய ஆய்வும் அதே திசையைக் காட்டியது. நாள்பட்ட நோயில் மருந்தும் வாழ்க்கை முறை மாற்றமும் ஒழுங்காக இருந்தால், முதலிலேயே ஸ்டென்டோ பைபாஸோ செய்வது சாவையும் மாரடைப்பையும் மேலும் குறைக்கவில்லை. நெஞ்சுவலித் தொல்லை குறைந்தது, அதுவும் பெரிய நிம்மதிதான். ஆக, ஸ்டென்டுக்குப் பிறகும் வேலை பாக்கி இருக்கிறது. அந்த வேலையை நோயாளிதான் செய்ய வேண்டும்.

மூன்றாவது வாதம்தான் கனமானது: விவேக்கே போயிட்டாரே!

சங்கரன்கோவில் பக்கத்துப் பெருங்கோட்டூர்க்காரர் நடிகர் விவேக். சைக்கிள் ஓட்டுபவர், உடம்பைப் பேணுபவர் என்று ஊரறிந்தவர். 2021 ஏப்ரல் 17 அன்று 59 வயதில் மாரடைப்பில் போனார். நம்ம ஊர்ப்பிள்ளை என்பதால் இங்கே வலி கூடுதல். அதே ஆண்டு அக்டோபரில் கன்னட நடிகர் புனீத் ராஜ்குமார் 46 வயதில் மறைந்தார். அன்றும் அவர் உடற்பயிற்சி செய்திருந்தார் என்ற செய்தி வந்ததும் பலர் ஜிம் பக்கம் போவதையே விட்டார்கள். அந்தப் பயத்தை நான் மதிக்கிறேன். ஆனால் பயிற்சி செய்பவருக்கு நோயே வராது என்று யாரும் சொன்னதில்லை. பரம்பரை, சர்க்கரை, கொழுப்பு, ரத்த அழுத்தம் எல்லாம் தம் பங்குக்கு வேலை செய்துகொண்டேதான் இருக்கும். தெற்காசியர்களுக்கு முதல் மாரடைப்பு மற்ற நாட்டவரைவிட ஐந்தாறு வருடம் முந்தியே வருகிறது என்பது 52 நாடுகளில் நடந்த ஆய்வில் தெரிந்த சேதி.

உழைப்பு மாரடைப்பைத் தூண்டுமா என்றால், தூண்டும். யாருக்கு என்பதில்தான் விஷயம் இருக்கிறது. 1993இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வில், கடுமையாக உழைத்த அடுத்த ஒரு மணி நேரத்தில் மாரடைப்பு வரும் வாய்ப்பு சாதாரண நேரத்தைவிட எத்தனை மடங்கு என்று கணக்கிட்டார்கள். வாரம் ஐந்து முறையோ அதற்கு மேலோ உடற்பயிற்சி செய்பவர்களுக்கு 2.4 மடங்கு. உடம்பை அசைக்கும் பழக்கமே இல்லாதவர்களுக்கு 107 மடங்கு. ஒரு மணி நேரத்துக்கான அடிப்படை வாய்ப்பு மிகமிகச் சிறியது என்பதால் இந்த எண்களைப் பார்த்து மிரள வேண்டாம். ஆனால் வித்தியாசத்தைப் பாருங்கள். "அசையாதே" என்று உட்கார வைக்கப்பட்டவர் என்றைக்காவது ஒரு நாள் அசைந்தே தீருவார். தண்ணீர்க் குடத்தைத் தூக்குவார், நின்றுபோன பைக்கைத் தள்ளுவார், ரயிலைப் பிடிக்க ஓடுவார். ஆபத்து அந்த நாளில்தான். தினமும் மிதமாக மிதித்துப் பழகிய உடம்பு அந்த நாளைத் தாங்கும்.

மிதமாக என்றால் எவ்வளவு? நாடித்துடிப்பை எண்ணு என்பார்கள். மெட்டோபுரோலால் போன்ற மாத்திரை சாப்பிடுபவருக்கு நாடி வழக்கம்போல் ஏறாது, அந்தக் கணக்கு ஏமாற்றும். மூச்சே நல்ல அளவுகோல். எங்க அத்தானுக்கு பைபாஸ் முடிந்த பிறகு பாளையங்கோட்டையில் ஒரு பிசியோதெரபி கூடத்தில் அதைப் பக்கத்தில் இருந்து பார்த்தேன். முதுகு சாய்க்கிற சீட் வைத்த சைக்கிள். மிதிகட்டை காலுக்குக் கீழே இல்லை, முன்னால் நீட்டி இருக்கிறது. காலைத் தூக்கிப் போட்டு ஏறத் தேவையில்லாமல் பக்கவாட்டில் போய் உட்கார்ந்தார். இருமல் வந்தால் நெஞ்சோடு அணைத்துப் பிடிக்க மடியில் சின்னத் தலையணை. அவர் மிதிக்க மிதிக்க அங்கிருந்த பெண் பிசியோதெரபிஸ்ட் கேட்டாள்: "சார், செங்கோட்டை பாசஞ்சர் எந்தெந்த ஸ்டேஷன்ல நிக்கும்? சொல்லுங்க." அத்தான் ஆரம்பித்தார். டவுண், பேட்டை, சேரன்மகாதேவி, காருகுறிச்சி, வீரவநல்லூர், கல்லிடைக்குறிச்சி. பேர்கள் தொடர்ச்சியாக வந்தவரை விட்டுவிட்டாள். ஒவ்வொரு ஸ்டேஷனுக்கும் நின்று மூச்சு வாங்க ஆரம்பித்ததும் சைக்கிளின் இறுக்கத்தை ஒரு படி குறைத்தாள். பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது. அளவு அவ்வளவுதான். கடைசியில் சட்டென்று நிறுத்த விடாமல் ஐந்து நிமிடம் வெறுமனே மிதிக்க வைத்தாள். சட்டென்று நிறுத்தினால் ரத்தம் காலிலேயே தங்கித் தலை சுற்றும். பிரஷர் மாத்திரை சாப்பிடுபவருக்கு இன்னும் அதிகமாகச் சுற்றும்.

இந்த இடத்தில் நான்காவது வாதம் வந்து நிற்கும்: சாய்ந்து உட்கார்ந்து மிதிப்பது சொகுசு, அதெல்லாம் ஒரு சைக்கிளா?

1933 ஜூலையில் பாரீஸில் பிரான்சிஸ் ஃபோர் என்ற இரண்டாம் தர வீரர் சார்ல் மோஷே வடிவமைத்த சாய்வு சைக்கிளில் ஒரு மணி நேரத்தில் 45 கிலோமீட்டர் கடந்து, 1914 முதல் யாரும் முறியடிக்காத சாதனையை முறியடித்தார். அடுத்த ஆண்டே உலக சைக்கிள் சங்கம் அந்த வகையைப் போட்டிகளிலிருந்து விலக்கியது. சொகுசு வண்டியாக இருந்திருந்தால் விலக்கியிருக்க மாட்டார்கள். நோயாளிக்கு அது உதவும் காரணங்கள் நேரடியானவை. பைபாஸில் பிளந்து கட்டிய நெஞ்செலும்பு சேர இரண்டு மூன்று மாதம் ஆகும். சாதா சைக்கிளில் முன்னால் குனிந்து கையை ஊன்றுவது அந்த எலும்பில் இறங்கும், சாய்வு சைக்கிளில் கைக்கு வேலையே இல்லை. மூட்டு வலிக்காரருக்கும், தொந்தி உள்ளவருக்கும், விழுந்துவிடுவோமோ என்று பயப்படும் அம்மாமாருக்கும் அது தோது.

ஆனால் எல்லோருக்கும் இது பொருந்தும் என்று சொல்லமாட்டேன். சாயச் சாயக் காலிலிருந்து இதயத்துக்குத் திரும்பும் ரத்தம் கூடும். ரத்தம் கூட வந்தால் இதயம் அதிகம் விரிய வேண்டும். அதனால் சிலருக்கு நிமிர்ந்து மிதிப்பதைவிடச் சாய்ந்து மிதிக்கையில் நெஞ்சு இறுக்கம் சீக்கிரம் வரும். படுத்தால் மூச்சு முட்டும் இதயச் செயலிழப்பு நோயாளி சீட்டை நிமிர்த்தி வைக்க வேண்டும், முதல் தடவை மருத்துவக் கண்காணிப்பில்தான் மிதிக்க வேண்டும். ஓய்வாக இருக்கும்போதே வலி வருபவர், வால்வு மோசமாகச் சுருங்கியவர், காய்ச்சலில் இருப்பவர் மிதிக்கவே கூடாது. எக்கோவும் டாக்டரின் சம்மதமும் இல்லாமல் யாரும் ஆரம்பிக்க வேண்டாம். மிதிக்கும்போது தாடைக்கோ இடக்கைக்கோ ஏறும் இறுக்கம், குளிர்ந்த வியர்வை, தலைசுற்றல் வந்தால் நிறுத்துங்கள். ஐந்து நிமிடத்தில் அடங்காவிட்டால் 108.

வசதி இல்லையே என்பவர்களுக்கும் வழி உண்டு. நாற்காலிக்கு முன்னால் தரையில் வைத்து மிதிக்கும் சின்னப் பெடல் கருவி சில ஆயிரம் ரூபாய்க்குக் கிடைக்கிறது. நாற்காலியைச் சுவரோடு ஒட்டிப் போட்டுவிட்டால் நழுவாது. பழகிய பிறகு சாதா சைக்கிளை வெளியே எடுக்க டாக்டர் சம்மதித்தால் தென்காசி ரோடு வேண்டாம், ஊருக்குள் இருக்கும் வாய்க்கால் கரைப் பாதை போதும். ஆனி, ஆடியில் மலைக்கணவாயிலிருந்து மேல்காற்று அறைகிற காலத்தில் போகும்போது மேற்கே பார்த்துப் போங்கள். எதிர்காற்று முதலிலேயே முடிந்துவிடும், களைத்துத் திரும்பும்போது காற்றே தள்ளிவிடும்.

ஐந்தாவதாக, "நான் காலைலருந்து ராத்திரி வரை உழைக்கிறவ, எனக்கு எதுக்குப் பயிற்சி?" என்ற கேள்வி. முக்கூடலிலும் கடையத்திலும் பீடி சுற்றும் பெண்கள் கேட்பது. அவர்கள் உழைப்பை யாரும் குறைத்துச் சொல்ல முடியாது. ஆனால் மடியில் சுளகை வைத்து நாள் முழுக்க உட்கார்ந்து விரலால் செய்யும் உழைப்பு அது, இதயத்துக்கு அதில் வேலை இல்லை. 1953இல் லண்டன் பஸ்களை ஆராய்ந்த ஜெர்ரி மாரிஸ், உட்கார்ந்தே ஓட்டும் டிரைவர்களைவிட மாடிப்படி ஏறி இறங்கி டிக்கெட் கொடுக்கும் கண்டக்டர்களுக்கு இதய நோய் குறைவு என்று காட்டினார். இருவருமே உழைப்பாளிகள். உட்கார்ந்திருந்ததுதான் வித்தியாசம். நம் பெண்களுக்கு நெஞ்சுவலி வந்தால் வாயுக்கோளாறு என்று தள்ளிவிடுகிறோம், தப்பித்து வந்தால் அடுப்படிக்கு அனுப்பிவிடுகிறோம். பெடல் கருவி வீட்டுக்கு வந்தால் அதில் முதலில் உட்கார வேண்டியவர்களில் அவர்களும் உண்டு.

கடைசி வாதம் எதிர்த் திசையிலிருந்து, பயிற்சியில் ருசி கண்டவர்களிடமிருந்து வருகிறது: "அதான் தெனம் மிதிக்கேனே, பெறகென்ன?" மிதித்தால் மட்டும் போதாது. கல்லிடைக்குறிச்சி அப்பளமும் மோர் மிளகாயும் கருவாடும் ஊறுகாயும் தட்டில் இருக்கையில் ஒரு நாளைக்கு 5 கிராம் உப்பு என்ற உலக சுகாதார நிறுவனத்தின் வரம்பு மத்தியானத்திலேயே தாண்டிவிடும். கருப்பட்டி நாட்டுச் சரக்கு என்பதற்காகச் சர்க்கரை நோயாளியின் ரத்தம் அதைத் தனியாக மதிப்பதில்லை. சொதி மாசத்துக்கு ஒரு தரம் போதும். உளுந்தஞ்சோற்றை விட வேண்டாம், நெய்யை அளந்து விடுங்கள். பீடிக்கு மட்டும் சமரசமே கிடையாது. பீடி மட்டும் குடிப்பவருக்கும் மாரடைப்பு வாய்ப்பு ஏறத்தாழ மூன்று மடங்கு என்பது பல நாட்டு ஆய்வில் வந்த கணக்கு.

இன்னொரு கூட்டம் மாத்திரையை நிறுத்திவிடும். உடம்பு லேசாகிவிட்டது, நன்றாகத் தூக்கம் வருகிறது, எதற்கு வீணாக மாத்திரை என்று தோன்றும். ஸ்டென்ட் வைத்தவர் ஆஸ்பிரினையும் குளோபிடோகிரெலையும் தானாக நிறுத்தினால் அந்தக் கம்பிச் சுருளுக்குள்ளேயே ரத்தம் உறைந்து அடைக்கலாம். முதல் சில மாதங்களில் அந்த ஆபத்து மிக அதிகம், அப்படி அடைத்தால் பிழைப்பது கஷ்டம். பல் பிடுங்கப் போனாலும் சரி, வேறு ஆபரேஷன் என்றாலும் சரி, அந்த இரண்டு மாத்திரைகளை நிறுத்தச் சொல்ல வேண்டியவர் இதய மருத்துவர் மட்டுமே.