வியப்பிலிருந்து வினாவுக்கு

கார்த்திகைத் தீபத் திருநாளன்று, 2,668 அடி உயரமுள்ள திருவண்ணாமலையின் உச்சியில், கொப்பரையில் நெய் வார்த்துத் துணித்திரி இட்டுத் தீபம் ஏற்றுவர். தொலைவிலுள்ள ஊர்களும் அச்சுடரைக் கண்டு வணங்கும். அவ்வூர் மாணவர் ஒருவரின் உள்ளத்தில் ‘எரிவது திரியா, நெய்யா?’ என்ற வினா எழுமாயின், அங்கே அறிவியல் தொடங்கிவிடுகிறது.

அவ்வினாவை வளர்க்கும் இடமாக வேதியியல் வகுப்பறை அமைதல் வேண்டும். ஆனால், பல வகுப்பறைகளில் கரும்பலகைச் சமன்பாடே பாடமாக முடிந்துவிடுகிறது. செய்முறை விளக்கத்திற்கு விலையுயர்ந்த கருவிகள் தேவையில்லை. மஞ்சள் கரைத்த நீரில் சிறிது சுண்ணாம்பு சேர்த்தால் அது ஆரத்தி நீராகச் சிவக்கும். அதில் எலுமிச்சைச் சாற்றைத் துளித்துளியாக விட்டால் மஞ்சள் நிறம் மீளும். காரமும் அமிலமும் நிறங்காட்டியும் வீட்டுத் தட்டிலேயே விளங்கிவிடுகின்றன. திறந்து வைத்த சூடம் உருகாமலே நாளடைவில் குறைவது பதங்கமாதலை உணர்த்தும்.

இத்தகைய விளக்கங்களின் ஆற்றலுக்கு மைக்கேல் ஃபாரடேயின் வாழ்வே சான்று. புத்தகம் கட்டும் தொழில் பயின்ற அவ்விளைஞர், 1812ஆம் ஆண்டில் இலண்டன் இராயல் நிறுவனத்தில் ஹம்ப்ரி டேவியின் சொற்பொழிவுகளைக் கேட்டார்; மறு ஆண்டே அங்கு உதவியாளராகச் சேர்ந்தார். பின்னாளில் தாமே சிறுவர்களுக்கு விரிவுரையாற்றினார். ஒரு மெழுகுவர்த்தியின் சுடரை வைத்தே வேதியியலை விளக்கினார். மெழுகுவர்த்தியை அணைத்தவுடன் எழும் வெண்புகையில் எரியும் தீக்குச்சியைக் காட்டினால், சுடர் புகைவழியே இறங்கித் திரியைப் பற்றும். சுடராய் எரிவது திரி ஏற்றித் தரும் எரிபொருளின் ஆவியே என்பது கண்முன் புலனாகும். நெய்த்தீபத்திற்கும் இவ்விளக்கம் பொருந்தும்.

எனினும், வியப்பூட்டுவது மட்டுமே செய்முறை விளக்கம் ஆகாது. நிறம் மாறியதும் கைதட்டிக் கலையும் வகுப்பில் வித்தை உண்டு, கல்வி இல்லை. விளக்கத்திற்கு முன்பே ‘என்ன நிகழும்?’ என மாணவர்களை எழுதச் செய்தல் வேண்டும். கணிப்பு பொய்க்கும்போது ‘ஏன்?’ என்ற வினா தானே பிறக்கும். அவ்வினாவிற்கு விடை தேடும் முயற்சியே கற்றல்.

பாடச்சுமையும் பாதுகாப்புக் குறித்த அச்சமும் தடைகளாகச் சுட்டப்படுகின்றன. கண் காப்புக் கண்ணாடியும் அளவான பொருள்களும் ஆசிரியரின் முன்னோட்டமும் இருந்தால் அச்சம் குறையும். பத்து நிமிடச் செய்முறை, பல நாள் மனப்பாடத்தைத் தவிர்க்கும். 2022ஆம் ஆண்டு தமிழ்நாடு அரசு தொடங்கிய வானவில் மன்றம், 6 முதல் 8 வரையுள்ள வகுப்புகளுக்கு ஆய்வுகளைக் கொண்டு செல்கிறது. அவ்வகுப்புகளில் எழும் ஆர்வம் மேல்நிலை வகுப்பில் மதிப்பெண் தேடலாகச் சுருங்கிவிடலாகாது. மாணவர்களின் கேள்விகளுக்கு இடமளிக்கும் ஆசிரியரும், தயங்காமல் கேட்கும் மாணவரும் அமைந்த வகுப்பறையில் அறிவியல் ஆர்வம் நிலைபெறும்.