என்ன ஆசிட்னு யாருக்குமே தெரியல

த்ரெட். கொஞ்சம் நீளம், பொறுத்துக்கோங்க.

சில வருஷம் முன்னாடி ஒரு நைட் டியூட்டி. கேஷுவால்டிக்கு ஒரு தம்பி வந்தார், கான்ட்ராக்ட் தொழிலாளி. விரல்ல ஆசிட் பட்டுடுச்சுன்னு கூட வந்த சூப்பர்வைசர் சொன்னார். பார்த்தா பெரிய புண் எதுவும் இல்ல, லேசா சிவந்திருந்தது. ஆனா வலியில துடிக்கிறார்.

"என்ன ஆசிட்?"

"தெரியல சார். க்ளீனிங் ஆசிட்."

புண்ணுக்கும் வலிக்கும் பொருந்தலயேன்னு சந்தேகம். ட்ரம் லேபிளை போட்டோ எடுத்து வாட்ஸ்அப்ல அனுப்பச் சொன்னேன். வந்து சேர முக்கால் மணி நேரம் ஆச்சு.

ஹைட்ரோஃப்ளோரிக் ஆசிட்.

இது தோலோட நிற்காது. உள்ளே ஊடுருவி உடம்புல இருக்கிற கால்சியத்தைப் பிடிச்சுக்கும். அதிகமா பட்டிருந்தா இதயத் துடிப்பே தாறுமாறாகும். மருந்து கால்சியம் குளுக்கோனேட். எங்க வார்டு அலமாரியிலயே இருக்கிற சாதாரண மருந்து! தம்பிக்கு விரல் தப்பிச்சது. ஆனா அந்த முக்கால் மணி நேரம் யாரோட தப்பு?

இது ஒரு ட்ரம் கதை. டன் கணக்குல இருந்தா?

போபால், 1984 டிசம்பர். தொட்டியில சுமார் 40 டன் மெத்தில் ஐசோசயனேட். வந்தவங்களுக்கு என்ன மருந்து கொடுக்கணும்னு டாக்டர்களுக்குத் தெரியல. அதைக் குளிர வைக்க வேண்டிய இயந்திரத்தை மாசக்கணக்கா நிறுத்தியே வெச்சிருந்தாங்க.

அதுக்கப்புறம்தான் 1989-ல அபாயகரமான ரசாயனங்களுக்கான விதிகள் வந்தது. நல்ல விதிகள்தான், குறை சொல்ல மாட்டேன். குறிப்பிட்ட அளவுக்கு மேல சேமிக்கிற நிறுவனம் அவசரகாலத் திட்டம் வெச்சிருக்கணும். ஆறு மாசத்துக்கு ஒரு தடவை ஒத்திகை. வெளியில இருக்கிற மக்களுக்கான திட்டம் மாவட்ட நிர்வாகத்தோடது. முக்கியமா ஒண்ணு: பக்கத்துல குடியிருக்கிறவங்களுக்கு என்ன ஆபத்து, நடந்தா என்ன செய்யணும், என்ன செய்யக்கூடாதுன்னு முன்கூட்டியே சொல்லணும்.

உங்க ஊர்ல யாராவது சொல்லியிருக்காங்களா?

விசாகப்பட்டினம், 2020 மே 7 விடியற்காலை. லாக்டவுன்ல கிடந்த தொட்டியில ஸ்டைரீன் சூடாகி கசிஞ்சது. 12 பேர் இறந்தாங்க. ஸ்டைரீன் தானா வினைபுரிஞ்சு சூடாகாம இருக்க குளிர்ச்சியும் வேணும், ஒரு தடுப்பு ரசாயனமும் வேணும். விசாரணையில அந்த ரசாயனம் கையிருப்பிலேயே இல்லைன்னு தெரிஞ்சது. எச்சரிக்கை சைரனும் ஒலிக்கல. போபாலுக்கு 35 வருஷம் கழிச்சு!

2023 டிசம்பர் 26 ராத்திரி நம்ம எண்ணூர்ல அமோனியா கசிஞ்சப்ப, தூக்கத்துல இருந்து எழுந்த ஜனங்க எந்தப் பக்கம் ஓடுறதுன்னு தெரியாமத்தான் ஓடினாங்க.

"இவ்வளவு கெடுபிடி பண்ணா கம்பெனி போயிடும், வேலை போயிடும்"னு கமென்ட் வரும், தெரியும். நான் ஆலையை மூடச் சொல்லல. உள்ளே என்ன இருக்கு, எவ்வளவு இருக்கு, பட்டா என்ன மருந்து, ராத்திரி யாருக்கு போன் பண்ணணும்? தமிழ்ல ஒரே ஒரு பக்கம். அது கலெக்டர் ஆபீஸ் ஃபைல்ல மட்டும் இருந்தா பத்தாது. பக்கத்து அரசு ஆஸ்பத்திரி கேஷுவால்டி சுவர்ல ஒட்டியிருக்கணும். பஞ்சாயத்து ஆபீஸ்லயும். இதுக்கு ஆகிற செலவு ஒரு லேமினேஷன் காசு.

ஒத்திகைகளும் பல இடத்துல கேட்டுக்குள்ளயே முடிஞ்சு, போட்டோ எடுத்து, டீ குடிச்சு கலைஞ்சிடுது. விபத்து கேட்டோட நிக்குமா?

அங்க வேலை பார்க்கிறவங்களுக்கு ஒண்ணு. உடம்புல ரசாயனம் பட்டா துணியைக் கழட்டி, நிறைய தண்ணி ஊத்திக் கழுவுங்க. கிளம்பும்போது லேபிளை ஒரு போட்டோ எடுத்துட்டு வாங்க. வாயு கசிஞ்சா காத்து போற திசையில ஓடாதீங்க, குறுக்கே நகருங்க.

அடுத்த கிராம சபையில இந்த ஒரு பக்கத்தைக் கேளுங்க. திங்கட்கிழமை குறைதீர் நாள்ல மனுவாவும் கொடுக்கலாம். அடுத்த ஒத்திகைக்கு எங்க ஆஸ்பத்திரியையும் கூப்பிட்டாங்கன்னா, நைட் டியூட்டி முடிச்சிட்டு தூங்காமலே வர்றேன்.