சுவர் இருக்கு, சித்திரம் எங்கே?

பழவேற்காட்டில் மீன் ஏலக்கூடம், பஞ்சாயத்து ஆபீஸ், பள்ளிக்கூடம் என்று அரசாங்கச் சுவருக்குப் பஞ்சமில்லை. அதில் மீனவர் வாழ்க்கையை ஓவியமாக எழுதச் சர்க்கார் காசு கொடுத்தால் என்ன?

வீண் செலவுன்னு சொல்றவங்களுக்கு ஒரு சேதி. 1930-களில் அமெரிக்காவில் கடும் பணமுடை. அப்போதுதான் அந்நாட்டு அரசு, 1934 முதல், சிற்றூர்த் தபாலாபீஸ் சுவர்களில் படம் எழுத வைத்தது. கட்டிடச் செலவில் சுமார் 1 சதவீதம் அதற்கு! ஊருக்கே போய்ப் பார்த்து வரையச் சொன்னது.

அவ்வளவு தூரம் ஏன்? சென்னை கண்ணகி நகர் குடியிருப்புச் சுவர்களில் 2020-ல் மாநகராட்சி ஒத்துழைப்போடு பிரம்மாண்ட ஓவியங்கள் எழுதினார்களே!

ஆனா பழவேற்காடுன்னதும் பூநாரையை வரைஞ்சிட்டுப் போயிடாதீங்க. அது சீசனுக்கு வந்து போற விருந்தாளி. ஏரியில் யார் எந்த நாளில் வலை போடுவது என்று மீனவர்களே முறை வகுத்த 'பாடு' இருக்கே, அதை வரையுங்கள். கையாலேயே தடவி இறால் பிடிக்கும் இருளர் பெண்களை வரையுங்கள். மணல் மூடும் முகத்துவாரத்தையும் விடாதீர்கள்.

டச்சுக் கல்லறை வாசலில் எலும்புக்கூட்டையே கல்லில் செதுக்கி வைத்திருக்கிறார்கள். தொல்லியல் துறை அதைப் பாதுகாக்கிறது. உயிரோடு வலை இழுக்கிறவனுக்கு ஒரு சுவர் கிடையாதா?

படத்தை முதலில் ஊர்ப் பெரியவர்களிடம் காட்டணும். வலையைத் தப்பா வரைஞ்சா ஊரே சிரிக்கும். செலவையும் கட்டிட எஸ்டிமேட்டிலேயே சேர்த்துடணும். திறப்பு விழாவுக்கு முதல் நாள் பெயிண்டரைத் தேடி ஓடக் கூடாது.