பிழை ரிமோட்டில் இல்லை



மூன்று நாளாக ஊர் வட்ஸ்அப் குழுமங்களில் ஒரு படம் சுற்றுகிறது. ஆத்தங்கரையில் நனைந்து கிடக்கும் ரிஜிபோம் விமானம். பக்கத்தில் தலையைக் குனிந்து நிற்கும் ஒரு பொடியன். கீழே, "ஓ/எல் எழுதுற நேரத்துல இவருக்கு பிளேன்" என்று ஒருவர். "2019 மறந்து போச்சா?" என்று இன்னொருவர். மற்றவர்கள் சிரித்துவிட்டுப் போயிருக்கிறார்கள்.

அந்தப் பொடியன் என் வகுப்பு. அதனால்தான் எழுதுகிறேன்.

முதலில் நடந்ததைச் சொல்கிறேன். கட்டாரில் இருக்கும் மாமா அனுப்பிய சிறிய சாகச விமானம் அது. குத்துக்கரணம் அடிக்கும், தலைகீழாகப் பறக்கும், ஒரு பக்கமாகச் சாய்ந்தபடியே நேராகப் போகும். இப்படிப்பட்ட விமானத்தைப் பெட்டியால் எடுத்து அப்படியே பறக்கவிட முடியாது. எந்தப் பக்கம் எவ்வளவு அசைய வேண்டும், எவ்வளவு மெதுவாக அசைய வேண்டும் என்பதையெல்லாம் ரிமோட்டுக்குள் எண்களாகப் பதிய வேண்டும். மகன் யூடியூப்பில் ஒரு வீடியோவைப் பார்த்து எல்லா எண்களையும் கொப்பியில் எழுதி, ஒன்று விடாமல் பதிந்திருக்கிறான். அதில் ஒன்று, எக்ஸ்போ மைனஸ் 60.

எக்ஸ்போ என்பது ஒரு வரைபு, வேறொன்றுமில்லை. சாகச விமானத்தின் சிறகுப் பலகைகள் மிகப் பெரிதாக அசையும். ஸ்டிக்கைக் கொஞ்சம் தொட்டாலே விமானம் துள்ளும். அதனால் நடுப்பகுதியில் வரைபின் படித்திறனைக் குறைத்து, ஓரத்தில் கூட்டுகிறார்கள். விரல் கொஞ்சம் நகர்ந்தால் வால் மிகக் கொஞ்சம் நகரும். முழுக்க நகர்ந்தால் முழுக்க நகரும்.

சிக்கல் குறியில். ஃபுட்டபா ரிமோட்டில் நடுப்பகுதியை மென்மையாக்க மைனஸ் போட வேண்டும். ஸ்பெக்ட்ரம் ரிமோட்டிலும், பல ரிமோட்டுகளில் ஓடும் எட்ஜ்டிஎக்ஸ் மென்பொருளிலும் அதே வேலைக்கு பிளஸ். வீடியோக்காரரின் ரிமோட் முதல் வகை, நம் மகனுடையது இரண்டாவது வகை. எட்ஜ்டிஎக்ஸ் போடும் வரைபை வைத்து நான் கணக்குப் பார்த்தேன். ஸ்டிக்கைப் பத்தில் ஒரு பங்கு நகர்த்தினால், பிளஸ் 60 இல் வால் பலகை தன் முழு அசைவில் சுமார் 4 வீதம்தான் அசையும். மைனஸ் 60 இல் சுமார் 20 வீதம். ஐந்து மடங்கு! விரல் நடுங்கினாலே விமானம் குப்புற விழும். விழுந்தது. தோணிக்காரக் காக்கா ஒருவர்தான் வாவிக்குள் இறங்கி எடுத்துக் கொடுத்திருக்கிறார்.

இப்போது கேட்கிறேன், பிழை யாருடையது?

தரம் 7 இல் திசைகொண்ட எண்கள் படிப்பிக்கிறோம். பெயரிலேயே "திசை" இருக்கிறது. எந்தத் திசைக்கு மைனஸ் என்று எவராவது ஒரு பிள்ளை கேட்டதுண்டா? கேட்க விட்டோமா? கடந்தகால வினாத்தாளைக் கொடுத்து, "இந்த மாதிரி வந்தா இதைப் போடு" என்று பழக்கியவர்கள் நாங்கள்தான். கல்வியியற் கல்லூரியில் மாணவர் மையக் கற்பித்தல் என்று பக்கம் பக்கமாக எழுதிவிட்டு வந்த நானும்தான். டியூட்டரிக்காரர்களைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை. எண்ணைப் பார்த்து எழுது, ஏனென்று கேட்காதே என்பதுதான் நம் பாடத்திட்டம். மகன் அதை அச்சொட்டாகச் செய்தான். பரீட்சையில் புள்ளி கிடைத்திருக்கும். வானத்தில் கிடைக்கவில்லை.

இன்னொன்றையும் கேளுங்கள். விழப்போகிறது என்று தெரிந்ததும் அவன் மோட்டாரை நிறுத்தும் சுவிட்சைத் தட்டியிருக்கிறான். சிக்னல் அறுந்தால் மோட்டார் தானாக நிற்கும்படியும் முன்கூட்டியே பதிந்து, விசிறியைக் கழற்றி வைத்துவிட்டு ரிமோட்டை அணைத்துச் சோதித்தும் பார்த்திருக்கிறான். கரையில் நின்ற ஒருவருக்கும் கீறல் இல்லை. படம் எடுத்து அனுப்பியவர் உட்பட.

"2019" என்று எழுதிய சகோதரருக்கு: உங்கள் பயம் எனக்கும் உண்டு. அந்த ஏப்ரலுக்குப் பிறகு ட்ரோன் பறக்கவிட சிவில் விமான அதிகாரிகள் தடை போட்டது நினைவிருக்கிறது. நம் வீடுகளில் எதையெதையெல்லாம் ஒளித்தோம், எரித்தோம் என்பதும் நினைவிருக்கிறது. திமிலைதீவில் விமான நிலையம் இருக்கும்போது, வாவிக்கரையில் யாரிடமும் கேட்காமல் பறக்கவிட்டது பிழைதான். அதை அவனிடம் நேரிலேயே சொல்லிவிட்டேன். ஆனால் அதற்கு மருந்து அனுமதி கேட்டு, பெரியவர் ஒருவர் பக்கத்தில் நிற்க, பட்டப்பகலில் பறக்கவிடுவது. அலுமாரிக்குள் பூட்டுவது அல்ல. நம் பிள்ளை ஒரு இயந்திரத்தைத் தொட்டாலே சந்தேகம் வரும் என்று நாமே முடிவு கட்டிவிட்டால், மற்றவன் வந்து சந்தேகப்பட என்ன மிச்சம்?

கடலுக்கு அந்தப் பக்கம் இராமேஸ்வரத்தில் பிறந்து, சென்னை எம்.ஐ.டி.யில் விமானப் பொறியியல் படித்த அப்துல் கலாமின் படத்தை டியூட்டரி நோட்டீஸில் போடுகிறோம். "கனவு காணுங்கள்" என்று ஸ்டேட்டஸும் வைக்கிறோம். சொந்த ஊரில் ஒரு பிள்ளை விமானத்தோடு நின்றால் சிரிக்கிறோம்.

அந்த ரிமோட்டுக்குள் என்ன படிப்பு என்று கேட்பவர்களுக்கு ஒரு உதாரணம். விமானத்தைப் பக்கவாட்டில் சாய்த்து ரடரால் மூக்கைத் தூக்கிப் பிடித்தால், அது மெல்ல வயிற்றுப் பக்கமாக இழுக்கும். அதைத் திருத்த ரடரோடு எலிவேட்டரைக் கொஞ்சம் கலக்க வேண்டும். எவ்வளவு என்று எந்த வீடியோவும் சொல்லாது, விமானத்துக்கு விமானம் மாறும். பறக்கவிட்டுப் பார், இறக்கு, 2 வீதம் கூட்டு, திரும்பப் பார். ஒரு தடவைக்கு ஒரு மாறியை மட்டும் மாற்று. விஞ்ஞான பாடத்தில் நாங்கள் கரும்பலகையில் எழுதிப்போடுவது இதைத்தான். உயர்தரத்தில் தொழில்நுட்பப் பிரிவு 2013 இலேயே வந்துவிட்டது. அதற்குப் போகும் பிள்ளைக்கு இதைவிட நல்ல ஆய்வுகூடம் எங்கே கிடைக்கும்?

ரிமோட் இப்போது வாப்பாவின் அலுமாரிக்குள். "ஓ/எல் முடியும்வரை தரமாட்டேன்" என்கிறார். நாளை இஷாவுக்குப் பிறகு அவரிடம் போகிறேன். பறக்கவிடக் கேட்கப் போவதில்லை. விசிறியைக் கழற்றிவிட்டு ரிமோட்டையும் விமானத்தையும் வகுப்புக்குக் கொண்டுவர, ஒரு நாளைக்கு மட்டும். பிளஸ் 60 போட்டால் வால் எப்படி அசைகிறது, மைனஸ் 60 போட்டால் எப்படி அசைகிறது என்று தரம் 10 பிள்ளைகள் கண்ணால் பார்த்து வரைபு கீற வேண்டும்.

மோட்டார் காய்ந்துவிட்டது. ஒரு சேர்வோ மட்டும் தண்ணீர் குடித்துப் போய்விட்டது. யாரிடமாவது 9 கிராம் சேர்வோ இருந்தால் இன்பொக்ஸ் வாருங்கள், காசு தருகிறேன்.