நாங்க கேக்கல்லயே!



ஆங்கிலப் பாடத்தில் பிள்ளைகள் வழமையாகக் குழப்பிக்கொள்ளும் இரண்டு சொற்கள் 'இம்ப்ளை', 'இன்ஃபர்'. சொல்பவர் வாயால் சொல்லாமல் உணர்த்தினால் இம்ப்ளை. கேட்பவர் அதைத் தானாக விளங்கிக்கொண்டால் இன்ஃபர். விஷயம் ஒன்றுதான், ஆள்தான் வேறு. பிள்ளைகளுக்கு விளங்காவிட்டாலும் நம்மூர் மாப்பிள்ளை வீட்டாருக்கு இந்த வித்தியாசம் நன்றாகவே தெரியும்.

"எங்களுக்கு ஒண்டும் வேணாம். ஒங்கட புள்ளைக்கு நீங்க செய்யிறத செய்யுங்க."

இது இம்ப்ளை. இனி பெண்ணின் வாப்பா இன்ஃபர் பண்ண வேண்டும்: ஒரு வீடு, அதற்குத் தளபாடம், மாப்பிள்ளைக்கு ஒரு மோட்டார் சைக்கிள். அதற்காக அவர் கட்டாரில் இன்னும் நாலு வருஷம் வெயிலில் நிற்பார். தங்கச்சிக்கு வீடு முடியும்வரை நானாவின் கல்யாணம் தள்ளிப்போகும். பிறகு யாராவது கேட்டால், "நாங்க கேக்கல்லயே, அவங்களாத்தானே தந்தாங்க!"

'டாசிட்' என்று இன்னொரு சொல் இருக்கிறது. மௌனம் என்ற பொருளுள்ள லத்தீன் சொல்லில் இருந்து வந்தது. வாய் திறக்காமலே செய்துகொண்ட உடன்பாட்டை 'டாசிட் அக்ரிமென்ட்' என்பார்கள். வெள்ளைக்காரன் அதை உடன்பாடு என்றாவது ஒத்துக்கொள்கிறான். நாம் அதற்கு வைத்த பெயர் 'அன்பளிப்பு'.

மரியாதைக்காகத்தான் வெளிப்படையாகப் பேசுவதில்லையாம். அப்படியென்றால் மஹரை மட்டும் ஏன் சாட்சிகள் முன்னால், பள்ளிவாசல் மைக்கில் சொல்கிறோம்? சூரத்துன் நிஸாவின் 4ஆம் வசனம் ஆண் கொடுக்க வேண்டியதைச் சொல்கிறது. கொடுப்பதைச் சொல்ல நமக்கு வெட்கமில்லை (சில இடங்களில் தொகையைக் கேட்டால் வெட்கம் வரத்தான் செய்கிறது). எடுப்பதைச் சொல்லத்தான் நா எழும்புவதில்லை.

1951ஆம் ஆண்டின் 13ஆம் இலக்க முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டத்தில் 'கைக்கூலி' என்ற நம்முடைய சொல்லே இருக்கிறது. அதைத் திரும்பக் கேட்டு மனைவி காதியிடம் போகலாம். ஆனால் பேசாமல் கொடுத்ததற்கு எதைக் காட்டுவது? தாளும் இல்லை, சாட்சியும் இல்லை.

பெண் பிள்ளை பெற்ற வாப்பாமாரே, அடுத்த முறை இன்ஃபர் பண்ணாதீர்கள். "ஒண்டும் வேணாமெண்டா ஒண்டும் தரல்ல, சந்தோஷம். வேணுமெண்டா என்னென்ன வேணுமெண்டு ஒரு தாள்ல எழுதி கையெழுத்து வைங்க" என்று முகத்துக்கு நேரே கேளுங்கள். அந்தத் தாளைப் பார்க்காமல் நிகாஹுக்குத் திகதி கொடுப்பதில்லை என்று பள்ளி நிர்வாகமும் சொல்லட்டும். எத்தனை பேர் பேனையைத் தொடுகிறார்கள் என்று பார்ப்போம்.