காஜியார் முத்திரை கோர்ட்டில் செல்லுமா?

1956 நவம்பர் 1-ல் கன்னியாகுமரி சென்னை ராஜ்யத்தோடு சேர்ந்தது. நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றுவிட்டது. ஆனாலும் கள்ளிக்காடு, பாறசாலைப் பக்கத்துத் தமிழ் முஸ்லிம் குடும்பங்கள் எல்லைக்கு அப்பால் பெண் கொடுப்பதும் எடுப்பதும் நிற்கவில்லை. நிக்காஹும் விவாகரத்தும் ஜமாஅத் ஏட்டோடு முடிந்துவிடும் என்ற நினைப்பும் மாறவில்லை. இந்த நினைப்பால் நஷ்டப்படுவது பெண்கள்தான்.

நவாபுகள் காலத்தில் காஜி நீதிபதியாகவே இருந்தார். 1864-ல் ஆங்கில சர்க்கார் அந்தப் பதவியை எடுத்துவிட்டது. கல்யாணங்களுக்குக் காஜி வேண்டும் என்ற கோரிக்கையின் பேரில் 1880-ல் காஜிகள் சட்டம் வந்தது. முதலில் சென்னை மாகாணத்துக்கு மட்டும். காஜியை அரசு நியமிக்கலாம். ஆனால் அவருக்கு நீதி அதிகாரமோ நிர்வாக அதிகாரமோ கிடையாது என்று அதன் 4-வது பிரிவே சொல்கிறது. அவர் இல்லாமலும் நிக்காஹ் செல்லும். அரசு நியமித்தவர் என்பதால் அவர் முத்திரையைக் கோர்ட் உத்தரவு என்று ஜனங்கள் நம்பியதில் ஆச்சரியமில்லை.

இந்த நம்பிக்கை 2017 ஜனவரியில் உடைந்தது. வழக்கறிஞரும் முன்னாள் எம்.எல்.ஏ.வுமான பதர் சயீத் தொடர்ந்த வழக்கில், தலைமைக் காஜி தரும் தலாக் சான்றிதழ் வெறும் அபிப்பிராயமே என்று சென்னை ஹைகோர்ட் கூறிவிட்டது. அதே ஆண்டு ஆகஸ்டில் சுப்ரீம் கோர்ட் முத்தலாக்கையே தள்ளியது. 2019-ல் அது குற்றமும் ஆயிற்று.

மனைவி கேட்டுப் பெறும் ‘குலா’வில்தான் குழப்பம். கோர்ட்டுக்கு வெளியே பெறும் குலா செல்லும் என்று கேரள ஹைகோர்ட் 2021-ல் தீர்ப்பளித்தது. ஷரீஅத் கவுன்சில் தரும் குலா சான்றிதழ் செல்லாது, பெண் குடும்ப நீதிமன்றம் போகட்டும் என்று சென்னை ஹைகோர்ட் 2023-ல் கூறியது. களியக்காவிளை செக்போஸ்டுக்கு இந்தப் பக்கம் ஒரு சட்டம், அந்தப் பக்கம் ஒரு சட்டமா? பாறசாலையில் வாழ்ந்து, தக்கலைக்குத் திரும்பிய பெண் எதை நம்புவாள்? சுப்ரீம் கோர்ட்தான் இதைத் தீர்க்க வேண்டும்.

காஜியார்களைக் குறை கூறவில்லை. பிறை அறிவிப்பதும் நிக்காஹ் நடத்துவதும் மதிப்புள்ள பணிகளே. ஆனால் ஜமாஅத் நிர்வாகிகள், தாங்கள் தருவது சாட்சிக் காகிதம் மட்டுமே என்பதைப் பெண் வீட்டாரிடம் அன்றே சொல்ல வேண்டும். ரயில்வேயில் பாஸ், குடும்பப் பென்ஷன் காகிதங்களைப் பார்க்கும் என் போன்ற குமாஸ்தாவுக்கு இது தெரியும்: கணவன் இறந்த பிறகு பதிவுச் சான்று தேடி அலைவது பெரும் துன்பம். கேரளத்தில் நடந்த கல்யாணத்தை 45 நாளுக்குள் பஞ்சாயத்திலோ நகரசபையிலோ பதியலாம். தமிழ்நாட்டில் நடந்தால் 90 நாள். குலா பெற்ற பெண் கேரளத்தில் இருந்தால், அதைக் குடும்ப நீதிமன்றத்தில் பதிவு செய்து உத்தரவின் நகலைக் கையில் வாங்கிக்கொள்ளட்டும்.